மட்டக்களப்புப் பறங்கியர் மொழியும் கடன்சொற் பட்டியல்களும்

பளையில் வீட்டுக்கு வருவோரைக் கதிரையில் இருக்கச் சொல்லுதல் வழக்கம். கதிரை போர்த்துக்கேயச் சொல் என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. அலுமாரி, சப்பாத்து, தாச்சி, பாண் என நீளும் பட்டியலை மொழிவரலாறு எழுதுவோர் சலியாது தருவர். ஆயின் இக்கொடுக்கல் வாங்கலில் தமிழ் கொடுத்தது யாது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அதற்கான விடை மட்டக்களப்பில் உளது.

1628இல் போர்த்துக்கேயர் அங்குக் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை அவர் வசமிருந்தது பத்தாண்டே. அவர்தம் மொழிவழி வந்த கிரியோலோ கத்தோலிக்கப் பறங்கியர் சிலரிடையே இன்றும் வழங்குகிறது. பசுபிக்கின் நுகுவோரோ பவளத்தீவில் வழங்கும் பொலினீசியச் சிறுமொழிக்குக் கடலே வேலி. இம்மொழிக்கு அத்தகைய வேலி இல்லை, சூழவும் தமிழ்.

அதன் விளைவை விரிவாகக் காட்டியவர் இயன் சிமித். 1978இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்த அவரது ஒலியனியல் நூலும் மறுஆண்டுக் கட்டுரையும் தமிழிலக்கணம் பயில்வோர் கட்டாயம் கற்கவேண்டியவை. இம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம். வாக்கியமோ தமிழின் வார்ப்பு. வினை இறுதியில் நிற்கிறது. போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்னின்ற இடைச்சொல் இங்குப் பெயருக்குப் பின்சென்று 'பெ' என்னும் உருபாயிற்று: 'எலி' அவன், 'எலிபெ' அவனுக்கு. போர்த்துக்கேயர் தமக்குப் பசி 'உடையர்'. மட்டக்களப்புப் பறங்கியருக்கோ, நமக்குப் போலவே, நான்காம் வேற்றுமையிற் பசிக்கிறது. 'என்று' என்பதன் பணியைக்கூடச் 'சொல்லுதல்' என்னும் வினையின் எச்சம் ஆற்றுகிறது. பட்டியலில் அடங்காத கடன் இது.

1900இல் லிசுபனில் வெளியான தல்காதுவின் நூல் முன்னோடி முயற்சியே. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சேறிய நூல்களில் அவ்விடைச்சொல் பெயருக்கு முன்னரே நிற்கிறது. மொழி பின்னர் மாறிற்றா, அன்றி மிசனரிமார் ஐரோப்பிய வாடை வீசத் திருத்தி எழுதினரா என்பது அறிஞரிடையே விவாதத்துக்குரியது. மிசனரித் தமிழ் உரைநடையைக் கற்றவர்க்கு இரண்டாவது ஐயம் வியப்பளிக்காது. அச்சுப் பிரதியை மட்டும் நம்பி அன்றைய பேச்சு இதுவெனத் துணிதல் பொருந்தாது. பேசுவோர் வாய்மொழியும் வேண்டும்.

அவ்வாய்மொழி அருகிவருகிறது. பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் கரையை 2004 ஆழிப்பேரலை அழித்தது. அவருட் பலர் மாண்டனர். அதன் பின்னரே ஊகோ கார்தோசோ முதலானோரின் ஒலி, ஒளிப்பதிவுகள் வந்தன. அவற்றைக் கேட்கும் தமிழ் மாணவருக்குச் சொற்கள் அந்நியமாகலாம். வேற்றுமை உருபு வருமிடம் முன்கூட்டியே தெரியும்.