அரண்மனையும் அடுக்களையும்

யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளை எவ்வாறு போற்றுகின்றன என்று அறிய விரும்பும் கிறிஸ்தவருக்கு விருப்புடன் பரிந்துரைக்கத்தக்க நூல்களுள் ஒன்று, ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஓய்வுநாள்’ என்னும் சிறு நூல். வார்சா நகரில் 1907-இல் பிறந்த ஆசிரியர், நாசிகளுக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா சேர்ந்தவர். தாயையும் சகோதரியர் சிலரையும் அக்கொடிய காலத்தில் பறிகொடுத்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோது, 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுலை நேரில் கண்டு, யூதரைப் பற்றிய திருச்சபையின் பார்வை மாற வேண்டுமென வாதாடியவர். ஆதலின் அவர் நமக்கு அயலார் அல்லர்.

நூலின் மையக் கருத்து எளியது, ஆயினும் ஆழமானது. மனிதன் இடத்தை வெல்லத் துடிக்கிறான். நிலமும் கட்டடமும் பொருளுமாகக் குவிக்கிறான். தொடக்க நூலிலோ, கடவுள் முதன்முதலாகப் புனிதப்படுத்தியது மலையும் அன்று, கோவிலும் அன்று, ஒரு நாள். ஆகவே ஓய்வுநாளை, வாரந்தோறும் காலத்தினுள் எழும் ஓர் அரண்மனையாகக் காட்டுகிறார் ஹெஷல். உழைப்பை அவர் இகழவில்லை. ஆறு நாள் உழைப்பதும் கட்டளையின் பகுதியே என்கிறார். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், நாடிழந்து அலைந்த மக்கள் சிதறியும் சிதையாமல் நின்றது எப்படி என்பதற்கு இக்கருத்தில் ஒரு விடை உண்டு. எந்தப் பகைவனும் இடிக்க இயலாத ஆலயம் ஒன்று அவர்களுடன் சென்றது.

அந்த ஆலயம் இரண்டு இடங்களில் எழுகிறது. வெள்ளி மாலையில் தொழுகைக்கூடத்தில் கூடுவோர், 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபெத் நகரில் வாழ்ந்த சோலமோன் அல்கபெட்ஸ் இயற்றிய ‘லெகா தோதி’ என்னும் பாடலால் ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கின்றனர்; இறுதி அடிகளில் வாயிலை நோக்கித் திரும்பித் தலைவணங்குகின்றனர். மறுநாள் காலையில் திருச்சட்டச் சுருள் வெளியே எடுக்கப்பட, எழுவர் முறையே வாசகத்துக்கு அழைக்கப்படுகின்றனர்.

வீட்டிலோ, கதிரவன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன்னர் இல்லத்தலைவி மெழுகுதிரிகளை ஏற்றித் தன் கண்களைக் கைகளால் மூடிப் புகழுரை சொல்கிறாள். பின்னர் மேசையைச் சுற்றிக் குடும்பம் கூடுகிறது. பெற்றோர் பிள்ளைகளை ஆசீர்வதிக்கின்றனர். பாலைநிலத்தில் இருமடங்காகக் கிடைத்த மன்னாவின் நினைவாக இரண்டு அப்பங்கள் துணியால் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. திராட்சை இரசத்துக்கு முதலில் வாழ்த்துரை கூறப்படுவதால் அப்பம் நாணமடையலாகாது என்பதற்காகவே அந்தத் துணி என்று ஒரு விளக்கம் வழங்குகிறது. உயிரற்ற அப்பத்துக்கும் இத்துணை பரிவு!

ஹெஷலின் நூல் நம்மை அரண்மனையின் வாயில்வரை அழைத்துச் செல்கிறது. ஆனால் எந்த அரண்மனைக்கும் ஓர் அடுக்களை உண்டு. மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பு ஓய்வுநாளில் விலக்கும் 39 வகை வேலைகளுள் மாவு பிசைதலும் அப்பம் சுடுதலும் தீ மூட்டுதலும் அடங்கும். எனவே மூன்று வேளை உணவும் வெள்ளி மாலைக்குள் ஆயத்தமாக வேண்டும். மேசையில் நீதிமொழிகள் நூலின் இறுதிப் பகுதியைப் பாடி இல்லத்தலைவியைப் புகழ்வது பல குடும்பங்களின் வழக்கம். அப்புகழ்ச்சியைக் கேட்கும்வரை அவளுக்கு அமர நேரம் வாய்த்ததா என்பதுதான் வினா. வீட்டு நடைமுறைகளை விவரிப்பது நூலின் நோக்கம் அன்று என்பது மெய்யே. எனினும், அரண்மனை எவருடைய கைகளால் எழுந்தது என்பதற்கு நூல் போதிய இடம் தரவில்லை. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஆசிரியரின் மகள் சூசன்னா தம் வீட்டு வெள்ளி மாலைகளை நினைவுகூர்வது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

நூலில் ஹெஷல் எடுத்தாளும் தல்மூதுக் கதை ஒன்று இங்கு நமக்குத் துணையாகிறது. உரோமையருக்கு அஞ்சி, சீமோன் பென் யோகாய் என்னும் அறிஞர் தம் மகனுடன் பன்னிரண்டு ஆண்டுகள் குகையில் மறைந்திருந்தார். வெளியே வந்தபோது, உழுது விதைப்போரைக் கண்டு, நிலைவாழ்வை விட்டு நிலையற்றதை நாடுகிறார்களே எனச் சினந்தார். அவர் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. வானிலிருந்து வந்த குரல் அவர்களை மீண்டும் குகைக்கே அனுப்பியது. ஓராண்டு கழித்து வெளிவந்தபோது, ஓய்வுநாள் தொடங்கும் மாலையில் முதியவர் ஒருவர் இரண்டு மிருதுச்செடிக் கொத்துகளுடன் ஓடுவதைக் கண்டனர். ஒன்று ‘நினைவில்கொள்’ என்னும் சொல்லுக்கு, மற்றொன்று ‘கடைப்பிடி’ என்னும் சொல்லுக்கு என்றார் அவர். கேட்டோர் மனம் அமைதி பெற்றது. உலகை எரிக்கப் பார்த்த துறவுக்கு விடையளித்தது, விருந்துக்கு விரையும் ஓர் எளிய மனிதரின் ஆயத்தம்!

அவ்விரு சொற்களும் விவிலியத்தின் இரு நூல்களிலிருந்து வருவன. ‘நினைவில்கொள்’ என்னும் விடுதலைப் பயண நூல் படைப்பைக் காரணம் காட்டுகிறது. ‘கடைப்பிடி’ என்னும் இணைச்சட்ட நூலோ, எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவூட்டி, உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாறட்டும் என்கிறது. ஹெஷல் விடுதலையைப் பற்றியும் பேசுகிறார். ஆனால் அது பெரிதும் பொருளாசையிலிருந்து உள்ளம் பெறும் விடுதலையே. பிறர் தோளிலிருந்து சுமையை இறக்கும் விடுதலை அவர் எழுத்தில் சற்றே பின்னுக்குப் போய்விடுகிறது.

இக்குறையால் நூலின் பெருமை சிறிதும் மங்காது. முதற்கொத்தை இத்துணை அழகுடன் நம் கையில் தந்தவரிடம், இரண்டாவது கொத்தையும் கேட்கிறோம், அவ்வளவே. ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்த நாசரேத்தூர் இயேசு, அதே நாளில்தான் பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த ஒரு பெண்ணை நிமிரச் செய்தார். இந்நூலைப் படித்து முடிப்போர், தம் இல்லத்து ஞாயிறையும் இவ்விரு சொற்களால் அளந்து பார்ப்பார்களாக: அன்று நாம் திருப்பலிக்குச் சென்றோம், நம் வீட்டில் இளைப்பாறாதவர் எவர்?