ஊதுபத்தி கொளுத்துங்கள், காற்று தெரியும்

அரக்கோணத்துப் பையன்கள் சென்ட்ரலுக்கு லோக்கல் ஏறி, ரிச்சி தெருவில் பேரம் பேசி, பை நிறையச் சாமான் வாங்கிவந்து சொந்தக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார்கள். பிராசஸரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கேபினெட்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று கேட்டால் மட்டும், “அதான் ஆறு ஃபேன் இருக்கே சார்” என்று நழுவுவார்கள். ஆறு ஃபேனாம்! கல்யாண மண்டபத்தில் அறுபது சுற்றுகிறது. வேர்க்காமல் சாப்பிட்டு எழுந்தவர் உண்டா?

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க, பின்பக்கமும் மேலேயும் இருப்பவை வெளியே தள்ள. மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் எந்தப் பக்கமோ, காற்று வெளியேறுவது அந்தப் பக்கம். வயர்களை மதர்போர்டுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். சூடான காற்று தானே மேலே போகும் என்று சும்மா இருக்காதீர்கள். சின்ன ஃபேனின் தள்ளலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சமையலறைக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். கதவிடுக்கு வழியே காற்று சீறிக்கொண்டு வரும், கூடத்துத் தூசியோடு. வெளியே தள்ளுவது அதிகமான கேபினெட்டும் இப்படித்தான்: காலி ஸ்லாட் இடுக்கு, யூஎஸ்பி ஓரம் என்று வடிகட்டி இல்லாத வழியிலெல்லாம் உறிஞ்சும். உள்ளே வருவது அதிகமானால் அதே இடுக்குகள் வெளியே மூச்சு விடும். பெரும்பாலான தூசி முன்பக்க வடிகட்டியோடு நின்றுவிடும்.

“மூணு உள்ளே, ரெண்டு வெளியே, அப்ப உள்ளழுத்தம் கூடுதல்” என்று விரல் மடக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண், எதிரில் தடையே இல்லாமல் அளந்தது. வடிகட்டிக்குப் பின்னால் அதே ஃபேன் அவ்வளவு தராது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனத்தின் இரண்டு 120 மி.மீ. ஃபேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். என்எஃப்-எஸ்12ஏ மணிக்கு 107.5 கன மீட்டர் காற்று தள்ளும். என்எஃப்-எஃப்12 தள்ளுவது 93.4. முதலாவதுதானே மேல்? அழுத்தத்தைப் பாருங்கள்: முதலாவதுக்கு 1.19 மி.மீ. நீர், இரண்டாவதுக்கு 2.61. வடிகட்டி, ரேடியேட்டர் என்றால் எஃப்12. தடையில்லாத பின்பக்கத்துக்கு எஸ்12ஏ. ஒன்று எக்ஸ்பிரஸ் எஞ்சின், மற்றது சரக்கு எஞ்சின். எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேலுமா விளக்க வேண்டும்? அந்த எஞ்சின்களே புளோயர் வைத்து மோட்டாரைக் குளிர்வித்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

ஆகவே எண்ணாதீர்கள், பாருங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்துங்கள். சாம்பல் உள்ளே விழாமல் முன்பக்க மெஷ் அருகே பிடித்தால் புகை நூலாக நீண்டு இழுபடும். டார்ச் அடித்து அதன் பின்னாலேயே போங்கள். மேலே முன்மூலையில் எக்ஸாஸ்ட் மாட்டியிருந்தால், புதுக்காற்று பிராசஸரைத் தொடுமுன்பே அந்த வழியாக நழுவுவது தெரியும். அதைக் கழற்றி வையுங்கள். பிறகு பத்தியைப் பின்பக்கக் காலி ஸ்லாட்டுக்குக் கொண்டுபோங்கள். புகை உங்கள் பக்கம் சாய்ந்தால் ஜெயித்தீர்கள்.

முகப்பைக் கண்ணாடியால் அடைத்து உள்ளே வானவில் ஓட்டும் கேபினெட்டுகளைத் தேர்த்திருவிழா சீரியல் பல்போடு ஒப்பிடுவார்கள். தேராவது நகரும். ஏசி அறையில் சோதித்துப் புள்ளி போடும் விமர்சகர்கள் அக்னி நட்சத்திரத்தில் இங்கே வரட்டும். அறையின் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனும் இறக்காது. அறை 38 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், என் கேபினெட்டில் மூன்றே ஃபேன். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை அலமாரியிலிருந்து பத்தி எடுத்துவந்தேன். “பெட்டிக்குமா பூஜை?” என்றாள் மனைவி. ஸ்லாட் இடுக்கில் புகை உள்ளே வளைந்தது. பின் ஃபேனை 900 சுற்றிலிருந்து 700க்கு இறக்கினேன். புகை தயங்கி நின்றது, பிறகு மெல்ல என் பக்கம் திரும்பியது. பத்தி தீரும்வரை நான் லைட் போடவில்லை.