முன்னிலை: ஒரு பிரச்னை

வாசகனும் படைப்பில் பங்கு கொள்ள வேண்டும் என்று நாம் நிறையப் பேசியாகிவிட்டது. வாசகன் இட்டு நிரப்பவேண்டிய இடைவெளி, முடிவுறாத கதை என்றெல்லாம். இந்தப் பேச்சோடு சம்பந்தமே இல்லாத இருவர் இதை ஸ்தூலமாகவே செய்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் கைக்கு வந்து முழுமையடைந்த 'மட்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தைச் சொல்கிறேன். மல்ட்டி யூசர் டஞ்சன்: பலர் புழங்கும் பாதாளச் சிறை.

இதில் படம் கிடையாது. எழுத்து மட்டும்தான். நீ ஒரு பாழடைந்த சத்திரத்து வாசலில் நிற்கிறாய், வடக்கே ஒரு கிணறு என்கிற ரீதியில் திரையில் சில வரிகள் வரும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று ஆடுபவன் தட்டினால் அடுத்த வரிகள் வரும். இந்த மாதிரியான தனியாள் ஆட்டம் முன்பே உண்டு. வில் கிரௌதர் எழுதி 1977இல் டான் வுட்ஸ் விரித்த 'அட்வென்ச்சர்' அப்படிப்பட்டது. 'மட்'டில் புதிது என்னவென்றால், அதே வாசலில் அதே கணத்தில் இன்னொருவனும் நிற்கலாம். அவனோடு பேசலாம், அவனைக் கொல்லலாம். புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி. புள்ளி ஏற ஏறப் பட்டம் உயரும். உச்சியில் மந்திரவாதி. ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது சேற்றில் போன புதையல்கள் எல்லாம் பழைய இடங்களுக்கே வந்துவிடும்.

இதன் வழிவந்த ஆட்டம் ஒன்றை, பாங்கிலிருந்து திரும்பிய இரவுகளில், நான்கு மாதம் ஆடினேன். முதல் இரவு ஒவ்வொரு வர்ணனையையும் படித்தேன். சில நன்றாகவே எழுதப்பட்டவை. மூன்றாம் இரவு, வர்ணனையை நிறுத்திவிட்டு இடத்தின் பெயரை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை ஒன்று இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு வர்ணனையும் படிக்கவில்லை. வர்ணனையைத் தாண்டிக்கொண்டு போகிற வாசகனை இதே பக்கங்களில் கண்டித்தவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாசிப்பைத் தாங்காதது இலக்கியம் இல்லை. ஆகவே இதை இலக்கியம் என்று வாதாடும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் வர்ணனை உதிர்ந்த பிறகும் அங்கே ஒன்று நின்றது. அது வெறும் இலக்கணம்.

நான் வாளை எடுத்தால் என் திரையில் 'நீ எடுக்கிறாய்' என்று வரும். பக்கத்தில் நிற்பவன் திரையில் என் பெயரைப் போட்டு, இன்னார் எடுப்பதாக வரும். செயல் ஒன்று, வாக்கியம் இரண்டு. முன்னிலையில் ஒன்று, படர்க்கையில் ஒன்று. தன்மைக்கு இடமே இல்லை. யாராவது பேசும் பேச்சுக்குள் தவிர 'நான்' என்ற சொல் அந்த உலகத்தில் வருவதில்லை. 'நான்' இல்லாமல் நாலு வரி எழுத வராத நம் கவிஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அங்கே நான் இருப்பதற்கு ஒரே சாட்சி, என்னைப் பற்றி மற்றவர்கள் திரையில் விழும் வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்தை இன்னொருவன் எழுதிவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய 'லாம்ப்டாமூ', புள்ளி, போட்டி எதுவும் இல்லாத 'மட்'. 1993இல் அங்கே ஒருவன், மற்றவர்களின் பெயர்களை எழுவாயாக்கி, அவர்கள் செய்யாத ஆபாசமான, குரூரமான செயல்களை அவர்களே செய்வதாக எல்லோர் திரையிலும் வரச் செய்தான். யார் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்ட ஒரு பெண், அது பற்றிப் பிறகு எழுதும்போது அழுததாகச் சொன்னாள். ஜூலியன் டிபெல் அதே ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மந்திரவாதி ஒருவர் அவன் பாத்திரத்தை அழித்தார். பிறகு வாக்கெடுப்பு முறை ஒன்று வந்தது. சொல்லே செயல் என்று நாம் அலங்காரமாகச் சொல்லி வந்தோம். அங்கே அது ஒரு குற்றத்தின் விவரம். ஒருவர் பெயருக்குக் கீழே வினைச்சொல்லைப் போட யாருக்கு உரிமை? எழுத்தின் பிரச்னை அடிப்படையில் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பார்ட்டில் பிற்காலத்தில் சொன்னது இங்கே முக்கியம். பிரிட்டிஷ் வர்க்க சமூகத்தில் பிறப்பு ஒருவனை எங்கே நிறுத்துகிறதோ அதை உதறிவிட்டு, தன் முயற்சியால் மட்டும் உயரக்கூடிய ஓர் உலகம் வேண்டியிருந்தது என்கிறார். அதற்கு ஆங்கிலம் அவருக்குத் துணை நின்றது. முன்னிலைக்கு அதில் ஒரே சொல். பிரபுவுக்கும் பிச்சைக்காரனுக்கும் அதே சொல். படர்க்கையிலும் வினைமுற்று ஆள் பார்த்து மாறுவதில்லை.

தமிழில் இந்த வசதி கிடையாது. சத்திரத்து வாசலில் நிற்பது நீயா, நீங்களா? மேலே நான் 'நிற்கிறாய்' என்று எழுதியபோதே ஒரு முடிவு எடுத்தாயிற்று. பக்கத்தில் நிற்பவன் திரையில் நான் வாளை எடுக்கிறேனா என்பதோடு காரியம் முடியாது. எடுக்கிறான், எடுக்கிறாள், எடுக்கிறார் என்று விகுதி ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். புது ஆளுக்கு 'ஆன்', மந்திரவாதிக்கு 'ஆர்' என்றால், எத்தனை புள்ளியில் 'ஆன்', 'ஆர்' ஆகிறது? எல்லோருக்கும் 'ஆர்' என்று போட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். எல்லோரையும் 'சார்' என்று கூப்பிடும் பாங்கில் வேலை பார்ப்பவன் நான். அது சமத்துவம் இல்லை என்று தெரியும்.

போன மாதம் முதியோர் உதவித்தொகை வாங்க ஒரு கிழவர் வந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். பக்கத்துக் கவுண்டரில் இருந்த, என்னைவிட இளையவன், "ரேகையை நல்லா வை" என்றான். அடுத்து நின்றவர் பெரிய கணக்குக்காரர். "நீங்க உக்காருங்க" என்றான். இரண்டுக்கும் நடுவே அவன் யோசிக்கவே இல்லை. எத்தனை ரூபாயில் விகுதி மாறுகிறது என்று அவனுக்கு எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழில் ஒரு 'மட்' எழுத உட்காருகிறவன் பூதங்களையும் குகைகளையும் எளிதில் எழுதிவிடுவான். இந்த விகுதியை அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அவனுக்கு முன்பாக, கதை எழுதுகிற நாம் அதை என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.