உளைச்சல் யாருடையது?

பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டி செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி என்று போனால் பல் மருத்துவமனைப் பலகைகளுக்குப் போட்டியாகக் கண்ணில் படுபவை பிசியோதெரபி பலகைகள். முதுகு வலி, கழுத்து வலி, மூட்டு வலி, பிரசவத்துக்குப் பிறகு தங்கிவிட்ட இடுப்பு வலி. அடுக்குமாடிகளும் ஐ.டி. அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் இந்தப் பகுதியில் வலிக்குப் பஞ்சமில்லை. அந்த அறைகளுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருந்தது. கரண்ட் வைப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாளில் நான்கைந்து உடற்பயிற்சிகளை எழுதித் தருவார்கள். இப்போது அதோடு ஒரு புதுப்பேச்சும் சேரத் தொடங்கியிருக்கிறது. “உங்க முதுகுல பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. வலியை உண்டாக்குறது மூளை. பயப்படாம அசைய ஆரம்பிங்க.”

மனத்தையும் உடலையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை என்று இதைச் சொல்கிறார்கள். “எல்லாம் மனசுதான்” என்ற வாக்கியத்தைப் பெண்கள் முதல் தடவையாகக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தச் சிகிச்சையைக் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் தரப்பை நியாயமாகச் சொல்லிவிடலாம். டேவிட் பட்லர், லோரிமர் மோஸ்லி என்ற இரண்டு ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்டுகள் 2003-இல் ‘எக்ஸ்பிளெய்ன் பெயின்’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். வலி எப்படி உண்டாகிறது என்பதை நோயாளிக்குப் புரியவைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர்கள் கட்சி. மோஸ்லி மேடைகளில் தன் அனுபவம் ஒன்றைச் சொல்வார். காட்டுவழியில் நடந்தபோது காலில் ஏதோ கீறியது. குச்சி என்று நினைத்துக்கொண்டு போனார்; பெரிய வலி இல்லை. கடித்தது கொடிய விஷப்பாம்பு. பிழைத்ததே பெரிய காரியம். பின்னொரு நாள் அதேபோல் நடக்கையில் காலில் ஏதோ கீற, வலியில் துடித்துப்போனார். பார்த்தால் அது வெறும் குச்சி. நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேய் இல்லை என்பதால் அரண்டவன் நடிக்கிறான் என்று ஆகிவிடாது. அவன் உடம்பு உண்மையிலேயே நடுங்குகிறது.

இதன் அடிப்படை புதிதல்ல. வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற ‘வாசல்’ கோட்பாட்டை மெல்சாக்கும் வாலும் 1965-இல் முன்வைத்தார்கள். காயம் எவ்வளவு, வலி எவ்வளவு என்பதற்கு நேர்க்கணக்கு கிடையாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. முதுகெலும்பின் டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் இருப்பதாக அதில் கணக்கிட்டிருந்தார்கள். தேய்மானம் நரையைப் போலத்தான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று படித்த நாளிலிருந்து குனியவே பயப்படும் பெண்ணுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் அது பெரிய விடுதலை. தேவையில்லாத அறுவை சிகிச்சையிலிருந்தும், காலமெல்லாம் விழுங்கும் வலி மாத்திரையிலிருந்தும் அது அவளைக் காப்பாற்றக்கூடும்.

பலனுக்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நீண்டநாள் முதுகு வலியோடு இருந்த 151 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. நான்கு வாரம் இந்த வழியில் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போயே போனது, அல்லது கிட்டத்தட்டப் போனது. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் ஓரளவு நன்கு படித்தவர்கள், சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி நம் பக்கம். பெண்ணின் வலியை மனசின் கணக்கில் எழுதி மூடிவைத்த வரலாறு நீளமானது. ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்தப் பெயரைக் கைவிட்டது 1980-இல்தான். நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர்கள். மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்பார்கள். கல்யாணம் ஆனபின் “ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்.” பிறந்தபின் “எங்களுக்கெல்லாம் வலிக்கலையா?” கருப்பையின் உள்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அவ்வளவு காலமும் அவர்களுக்குக் கிடைத்த மருந்து “மனசைத் தைரியமா வெச்சுக்கோ” என்பதுதான்.

ஆகவே “வலி மூளையில் உண்டாகிறது” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும்போது, “உன் வலி பொய்” என்று நம் காதில் விழுந்தால் குற்றம் காதுடையதல்ல. சொல்கிறவர்கள்தான் கவனமாகச் சொல்ல வேண்டும். வலி குறித்த சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. நம்புவது இந்தச் சிகிச்சையின் முதல் படி. இரண்டாவது படி, உடம்பைச் சரியாகப் பரிசோதிப்பது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது போன்றவை இருக்கிறதா என்று கேட்காமல், இரத்தசோகையோ மூட்டுவாதமோ உண்டா என்று பார்க்காமல் மூளைப் பாடத்தை ஆரம்பிப்பவர் பழைய மாமியாரின் வசனத்தைப் புது மொழியில் பேசுகிறார்.

உண்மையில் மனமும் உடலும் வேறல்ல என்பதைத் தமிழுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைகால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். வள்ளுவரின் காமத்துப்பாலில் நோய் என்றால் காதல் துயரம். சிக்கல் இருப்பது இரண்டையும் இணைப்பதில் அல்ல. இணைத்தபிறகு, அந்த மனத்தை அவளுடைய மண்டைக்குள் மட்டும் வைத்துப் பூட்டுவதில் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் மையச் சொல் ‘பாதுகாப்பு’. ஆபத்து என்று மூளை கணித்தால் வலி கூடும். பாதுகாப்பு என்று உணர்ந்தால் குறையும். ஆகவே “நீங்கள் பாதுகாப்பாகத்தான் இருக்கிறீர்கள்” என்று உடம்புக்கு மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த வாக்கியம் யாருக்கு உண்மை?

இந்தச் சாலையில் இருக்கக்கூடிய இரண்டு பெண்களை எண்ணிப் பார்ப்போம். ஒருத்தி நாவலூர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு சிறுசேரி அலுவலகத்துக்கு வேலை பார்க்கிறாள். இரவு அமெரிக்காக்காரர்களோடு கால், காலையில் பிள்ளையின் பள்ளி வேன், நடுவில் மாமனாரின் மாத்திரை. கழுத்து வலிக்காக விடுப்பு எடுத்தால் அடுத்த அப்ரைசலில் அது தெரியும். இன்னொருத்தி அவள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவள். நகரத்துக்குள் இருந்த குடிசையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்பில் வைக்கப்பட்டவள். லிப்ட் ஓடாத நாளில் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டும். வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படும். இந்த இருவருடைய டிஸ்க்கும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் உடம்பு அடிக்கும் அபாய மணியை வெறும் பிரமை என்று சொல்ல முடியுமா? அங்கே பாம்பு இல்லாமல் இல்லை. அது முதுகெலும்பில் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க மருத்துவர் ஜான் சார்னோ இதற்கு மிக அருகில் வந்தவர். 1991-இல் வெளியான ‘ஹீலிங் பேக் பெயின்’ நூலால் பிரபலமானார். அடக்கிவைத்த கோபம்தான் முதுகு வலியாக வருகிறது என்றார். எல்லாவற்றையும் குறையின்றிச் செய்யத் துடிப்பவர்களுக்கும், எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்க நினைப்பவர்களுக்கும் அது அதிகம் என்றார். கோபம் தசைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது என்ற அவருடைய விளக்கத்தை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. நமக்கு உறுத்துவது வேறு இடம். குறையின்றிச் செய்வதையும் நல்ல பெயர் எடுப்பதையும் அவர் குணமாகப் பார்த்தார். இங்கே அது பெண் குழந்தைக்குப் பின்னல் போடும் வயதிலிருந்தே தரப்படும் பயிற்சி. “பொம்பளைன்னா பொறுத்துப் போகணும்” என்பது அதன் பாடத்திட்டம். கோபத்தை அடக்காதே என்று அவளிடம் சொல்வது எளிது. அதை வெளியே விட்டால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொன்னவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. பிசியோதெரபிஸ்ட் என்ன செய்வார்? அவரால் மாமியாரையும் மேனேஜரையும் மாற்ற முடியுமா? முடியாதுதான். ஆனால் வலி குறையாதபோது “நீங்க ஒத்துழைக்கலை” என்று எழுதாமல் இருக்க முடியும். பயிற்சி செய்யாததற்குக் காரணம் கேட்க முடியும். கூட வந்த கணவரை வெளியே உட்காரவைக்காமல் உள்ளே கூப்பிட்டு, குக்கரைத் தூக்குவதும் துணி காயப்போடுவதும் ஆறு வாரத்துக்கு அவர் வேலை என்று மருத்துவ அறிவுரையாகவே எழுதித் தர முடியும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர் அடுப்பு மேடையின் உயரத்தையும், தண்ணீர் பிடிக்கும் தூரத்தையும், அந்த வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கிறார். எந்த ஸ்கேனிலும் இது தெரியாது.

அறைக்கு வெளியிலும் சிகிச்சை நடந்திருக்கிறது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்களின் கால் வலியை யாரும் மனப்பயிற்சியால் தீர்க்கவில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி முன்னின்று உருவாக்கிய ‘பெண்கூட்டு’ உட்காரும் உரிமைக்காகப் போராடியது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. சட்டம் இருப்பது வேறு, மேற்பார்வையாளர் முறைக்காமல் உட்கார முடிவது வேறு என்பதும் தெரிந்ததே. ஆனாலும் ஒரு ஸ்டூல் உடம்புக்குத் தரும் பாதுகாப்புச் செய்தி, எந்த வகுப்பிலும் சொல்லித்தரும் செய்திக்குக் குறைந்ததல்ல.

2024-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். இந்தப் புதிய சிகிச்சையை நாம் நிராகரிக்க வேண்டாம். அதன் அறிவியலை எடுத்துக்கொள்வோம், அசையப் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்வோம். அதே நேரத்தில், தினமும் 20 நிமிடம் மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தும் பயிற்சி என்று எழுதிய தாளை நீட்டும்போது ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்போம். அந்த 20 நிமிடம் அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? பதிலையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்வோம்.