தண்ணீர் கலந்த பால்

சிரம்பான் வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் நிறுக்கும் கொட்டகை மறந்திருக்காது. வெட்டுக்காரர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி எடையை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட மாட்டார். கொஞ்சம் பாலை எடுத்து, மெட்ரோலாக் என்ற மிதவை அளவியை மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். மழைத் தண்ணீருக்குச் சம்பளம் கிடையாது.

பசுங்குடில் வாயுக்களை எந்த நாடு திறமையாகக் குறைக்கிறது என்று ஒப்பிடவும் இப்படியொரு சோதனை வேண்டும். இன்று பரவலாகக் கையாளப்படுவது ‘உமிழ்வுச் செறிவு’: மொத்த உமிழ்வை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து வரும் எண். 2030க்குள் இதை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பதாக மலேசியா உறுதி கூறியிருக்கிறது. இதில் 10 விழுக்காடு வெளி உதவியைப் பொறுத்தது என்று 2015இல் வைத்த நிபந்தனையும் 2021இல் நீங்கியது.

இந்த அளவுகோலில் நியாயம் உண்டு. வளரும் நாட்டின் அடுப்பை அணைக்கச் சொல்லாமல், ஒரு வெள்ளி சம்பாதிக்க எவ்வளவு புகை விடுகிறாய் என்றுதான் கேட்கிறது.

கோளாறு வகுத்தலில் இருக்கிறது. உற்பத்தி 100, உமிழ்வு 100 என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி 200 ஆகி, உமிழ்வு 110 ஆனால் செறிவு சரியாக 45 விழுக்காடு இறங்கிவிடும். வானத்துக்குப் போனதோ 10 கூடுதல். 2022இல் இந்தியாவும் இதே 45 விழுக்காட்டை, இதே ஆண்டுகளுக்கு அறிவித்தது. ஆனால் தலைக்கணக்கில் ஒரு மலேசியர் வெளியிடும் கரியமில வாயு, ஓர் இந்தியருடையதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. எண் ஒன்றுதான், சுமை வேறு.

நம் ஊரையே பார்க்கலாம். கித்தா போய்ச் செம்பனை வந்தது. நீலாய்ப் பக்கம் தோட்டங்கள் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பொருளாதாரம் தோட்டத்திலிருந்து வேறு தொழில்களுக்கு நகரும்போது செறிவு தானாகவே இறங்கக்கூடும். ஆலை திருந்தியதால் வந்தது எவ்வளவு, தோட்டமே இல்லாமல் போனதால் வந்தது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

திருந்துவது எப்படி என்பதைச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் பார்க்கலாம். பழுப்பு நீரில் குமிழி குமிழியாக மீத்தேன் கிளம்பும்; 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு கொடியது. குளத்தை மூடி, வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்தால் அது அசல் குறைப்பு. இன்னொன்று: அந்த எண்ணெயில் ஒரு பங்கு கப்பலேறி இந்தியாவில் பலகாரம் பொரிக்கிறது, குமிழி மட்டும் மலேசியாவின் பற்றில் நிற்கிறது.

ஆகவே செறிவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எடை பார்க்காமல் சம்பளம் போட முடியாது. அதன் பக்கத்திலேயே மொத்த உமிழ்வு, தலைக்கணக்கு, ஏற்றுமதிக் கணக்கு ஆகிய மூன்றையும் எழுதியாக வேண்டும். வெட்டுக்காரர் வாளியில் ஒரு மங்குத் தண்ணீரைக்கூட விடாமல் பிடித்த அந்தக் கறார், நாடுகளின் ஏட்டுக்கும் பொருந்தட்டும்.