இறுவட்டும் இணையத்திரையும்

கலைப்பொருளின் வாழ்வு அதனை ஆக்கியோன் கையில் மட்டும் தங்குவதன்று; அதனைப் பேணுவோர் கையிலும் தங்குவதாகும். ஏட்டைப் பேணாதார் நூலை இழந்தனர்; படச்சுருளைப் பேணாதார் படத்தை இழந்தனர். தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னர் நடராச முதலியார் எடுத்த கீசகவதம் என்னும் மௌனப் படத்தின் கதியும் அதுவே. வீட்டிலிருந்து படம் பார்க்கும் வழக்கம் இறுவட்டினின்று இணையத்திற்கு மாறிவரும் இக்காலத்தில், இவ்விழப்பு மீண்டும் நேருமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மாற்றத்தின் வரலாறு சுருக்கமானது. டீவீடி 1996ஆம் ஆண்டிலும் புளூ-ரே 2006ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் வீசீடி ஒன்றை 28 ரூபாவுக்கு விற்கத் தொடங்கியபோது, எளியோர் வீட்டிலும் படத்தொகுதி ஒன்று அமைதல் கூடுமாயிற்று. 1998ஆம் ஆண்டில் அஞ்சல்வழி வட்டுகளை வாடகைக்கு வழங்கத் தொடங்கிய நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம், 2007ஆம் ஆண்டில் இணையவழிக் காட்சியை மேற்கொண்டு, 2023ஆம் ஆண்டு செத்தெம்பரில் வட்டுச் சேவையை முற்றாக நிறுத்திற்று. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பொன்மகள் வந்தாள், சூரரைப் போற்று முதலிய படங்கள் திரையரங்கு காணாமலே இணையத்தில் வெளிவந்தன.

இணையத்தின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. திருகோணமலைப் பட்டணத்திற்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புல்மோட்டையில் வாழும் மாணவன் ஒருவன், கடைவீதியை நாடாமலே தன் கைபேசியில் ஒரு ஜப்பானியப் படத்தையோ வங்காளப் படத்தையோ காண வல்லனாகின்றான். முந்திய தலைமுறைக்கு இப்பேறு வாய்த்திலது. எனினும் காட்சியின் செம்மையை நோக்கின் வட்டே மேம்பட்டு நிற்கின்றது. புளூ-ரே வட்டு செக்கனுக்கு 40 மெகாபிற் வரையிலான படத்தரவைத் தர வல்லது. இணையவழி உயர்தரக் காட்சியோ பெரும்பாலும் 5 மெகாபிற் அளவில் அமைகின்றது. இருள் செறிந்த காட்சிகளில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும்.

ஆயினும் செம்மையினும் பெரிய வினா உடைமை பற்றியதாகும். அன்னபூரணி என்னும் தமிழ்ப்படம் 2023 திசெம்பர் இறுதியில் நெற்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளிவந்து, எதிர்ப்பு எழுந்ததும், இரண்டு வாரங்களுள்ளே 2024 சனவரியில் நீக்கப்பட்டது. அப்படம் நன்றோ தீதோ என்பது ஈண்டு வினாவன்று. அதனைக் கண்டு தாமே முடிவு செய்ய விரும்பியோரின் கைக்கு அது எட்டாது போயிற்று என்பதே கருதற்குரியது. வட்டு ஒருமுறை விற்கப்படின், விற்றவன் வீடு புகுந்து அதனை மீட்டெடுத்தல் இயலாது. இணையத்தில் ‘வாங்கு’ என்னும் சொல் பெரும்பாலும் ‘பார்க்க இசைவு பெறு’ என்னும் பொருளே உடையது. இதனை வாங்குவோர்க்கு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டில் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று.

இதனால் வட்டே காவல் என்று முடிவு கூறுவாரும் உளர். அவர் கூற்றும் முழுதும் ஏற்கத் தக்கதன்று. வட்டினுள் உள்ள உலோகப் படலம் காலத்தால் கெடும். அதனை இயக்கும் கருவிகள் அருகிவருகின்றன. அன்றியும், ஓரிடத்தே குவிந்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பதை நம் நாட்டினரினும் நன்கு அறிந்தார் யாவர்? 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பகம் தீக்கிரையாகப் பல படச்சுருள்கள் அழிந்தன.

எனவே வழக்கு வட்டுக்கும் இணையத்துக்கும் இடையிலானதன்று. பிரதியைக் கையில் வைத்திருத்தலுக்கும் பிறர் இசைவில் தங்கியிருத்தலுக்கும் இடையிலானதே என்க. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிக் காத்தது, அதனைப் பலர் கைக்குப் பரப்பியமையாலன்றோ! 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமும் அவ்வழியே ஈழத்து எழுத்துகளைப் பேணுகின்றது. அஃது இணையத்தில் உள்ளதேனும், யாவரும் படியெடுத்து வைத்துக்கொள்ள இடந்தருகின்றது. சத்தியஜித் ராயின் பதேர் பாஞ்சாலி முதலிய மூன்று படங்களின் மூலச்சுருள்கள் 1993ஆம் ஆண்டு இலண்டனில் தீயால் சிதைந்தன. எஞ்சிய பகுதிகளையும் பிற பிரதிகளையும் கொண்டு அவை புதுக்கப்பெற்று, 2015ஆம் ஆண்டில் புளூ-ரே வட்டுகளாகவும் வந்தன. பிரதி பலவாயின் மீட்சியும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

நமக்கு அண்மையதும் கவலைக்குரியதுமான பொருள் ஈழத்துத் தமிழ்த் திரைப்படமாகும். சமுதாயம் (1962), குத்துவிளக்கு (1972), தர்மசேன பத்திராஜ இயக்கிய பொன்மணி (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய வாடைக்காற்று (1978) ஆகியவை நம் மண்ணின் பேச்சையும் முகத்தையும் பதிந்து வைத்தவை. பெருஞ்சந்தையை நோக்கும் இணைய நிறுவனங்கள் இவற்றைத் தேடி வந்து காக்கும் என்று எதிர்பார்த்தல் பேதைமை. புல்மோட்டைக் கடற்கரையில் அலையானது இலேசான மணலை வாரிச் செல்ல, கனமிக்க இல்மனைற்று மணல் கரையில் தங்குகின்றது. கலையுலகில் அத்தகைய இயற்கை நீதி இல்லை. கனமுள்ளதும் காப்பாரின்றேல் அடித்துச் செல்லப்படும்.

இனி வரும் ஆண்டுகளில் வட்டு பெருவழக்கிலிருந்து நீங்கி, ஆய்வாளரும் ஆர்வலரும் பேணும் பொருளாகச் சுருங்கும் என்றே தோன்றுகின்றது. அச்சுருக்கம் அழிவாகாதிருக்கக் கல்லூரி நூலகங்கள் முன்வருதல் வேண்டும். ஈழத்துப் படங்களுள் கிடைப்பனவற்றை உரிமையாளரின் இசைவுடன் பெற்று, வட்டில் ஒன்றும் மின்கோப்பில் ஒன்றுமாக வைத்து, மூன்றாவது பிரதியைப் பிறிதோர் ஊரின் நூலகத்தில் சேர்த்தல் பெருஞ்செலவுடைய செயலன்று. வட்டியக்கியொன்றையும் பழுதின்றிப் பேணுதல் வேண்டும். பழைய மாணவர் சங்கம் இப்பணியை மேற்கொள்ளுமாயின், நாளைய மாணவன் தன் நாட்டுப் படத்தைப் பெயரளவிலன்றிக் கண்ணாரக் கண்டு மதிப்பிடுவான்.