ஓட்டை வைத்த கட்டையும் ஒற்றைத் தோட்டாவும்

ஒஹாயோவில் மான் வேட்டைக்குப் போகிற நண்பர் ஒருவர் போன வருஷம் தன் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை வாங்கி மாட்டினார். பெருவிரலை நுழைத்துப் பிடிக்க நடுவில் ஓட்டை வைத்தது, தம்ப்ஹோல் என்பார்கள். பல அடுக்கு மரத்தை ஒட்டி இழைத்து, சாம்பலும் கறுப்புமாக வரிவரியாக, பார்க்க ஜோராக இருந்தது. நானும் ஆகா ஓகோ என்றுதான் சொன்னேன். இப்போது அந்த ஆகாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் துப்பாக்கி. ஹேரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஹாண்டி-ரைஃபிள், .45-70 தோட்டா. நடுவில் மடித்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். தோட்டா 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. 2014-இல் ஒஹாயோ அரசு நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிள்களை மான் வேட்டைக்கு அனுமதித்ததும் இந்த மாதிரி எளிய துப்பாக்கிகளுக்கு மறுபடி மவுசு வந்தது. ஆனால் மறு வருஷமே, 2015-இல், ஹாண்டி-ரைஃபிள் உற்பத்தி நின்றுபோனது. ஆக, கட்டையை மாற்ற நினைத்தால் பழைய சாமானைத் தேட வேண்டும், அல்லது வேறு கம்பெனிக்காரர் செய்வதை வாங்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். தம்ப்ஹோல் கட்டையைப் புகழ்கிறவர்கள் சொல்வது மூன்று: பிடி உறுதி, கன்னம் படியும் விளிம்பு உயரம், கனம் கூடுவதால் உதை குறைவு. மூன்றும் உண்மைதான். கனத்தையே எடுத்துக்கொள்வோம். அதே தோட்டாவைச் சுட்டால், பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 7 பவுண்டுத் துப்பாக்கி 8 பவுண்டானால் உதையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். .45-70 சுட்ட தோளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தத் துப்பாக்கியில் குதிரை வெளியே இருக்கிறது. (ஹேமருக்குத் தமிழில் குதிரை என்று பழைய பெயர் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொல்.) தனியாக சேஃப்டி பித்தான் கிடையாது. மானைப் பார்த்த பிறகுதான் பெருவிரலால் குதிரையை இழுத்து ஏற்ற வேண்டும். மான் நகர்ந்துவிட்டால் அதே பெருவிரலால் மெதுவாக இறக்க வேண்டும். அந்தப் பெருவிரலைக் கொண்டுபோய் ஓட்டைக்குள் சிறைவைப்பதுதான் தம்ப்ஹோல் கட்டை! போல்ட் ரைஃபிளுக்குப் பொருத்தமான ஒரு யோசனையை யோசிக்காமல் இங்கே ஒட்டிவிட்டார்கள்.

நண்பருக்கு நடந்தது இதுதான். நவம்பர் கடைசி, நல்ல குளிர், தடித்த கையுறை. சாயங்காலம் ஒரு மான் வந்தது. குதிரையை ஏற்றினார். மான் புதருக்குள் போய்விட்டது. இறக்குவதற்காகப் பெருவிரலை ஓட்டையிலிருந்து உருவினார், பிடி தளர்ந்தது. ஸ்கோப் வேறு குதிரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. விசை அழுத்தியபடி இருக்கும்போது குதிரை கையுறையிலிருந்து வழுக்கிவிட்டது. குழாய் தரையைப் பார்த்து இருந்ததால் மண் தெறித்ததோடு போயிற்று. விசையை விட்டிருந்தால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் பார் இறங்கி, குதிரை விழுந்தாலும் சுட்டிருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்த மனுஷருக்கே விரல் குழம்பியது என்பதுதான் என் புகார்.

சரி, அப்போது பழைய கட்டையே போதுமா? போதாது. வெறுங்கண் குறிக்கு இழைத்த தாழ்வான கட்டை அது. ஸ்கோப் வைத்ததும் கண் மேலே போக வேண்டும், கன்னம் அந்தரத்தில் நிற்கும். உதைக்கும்போது கட்டை எழும்பி வந்து தாடையில் ஒரு போடு போடும். இதற்கு ஓட்டை தேவையில்லை, உயர்ந்த விளிம்பு போதும். விளிம்பு முன்பக்கம் சற்றே தாழ்ந்து சரிந்திருந்தால் இன்னும் நல்லது. உதைத்துப் பின்னால் வரும்போது கன்னத்தை விட்டு விலகிப் போகும். வெதர்பி ரைஃபிள்களில் இந்தச் சரிவைப் பார்க்கலாம்.

நீளம் அடுத்தது. விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை 14 அங்குலத்தை ஒட்டி இருப்பது வழக்கம். முழங்கை மடிப்பில் வைத்து அளக்கச் சொல்வார்கள். அரைக்கைச் சட்டையோடு கடையில் அளந்து என்ன பயன்? வேட்டைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலித் துப்பாக்கியை, கண்ணை மூடித் தோளில் வையுங்கள். கண்ணைத் திறந்தால் ஸ்கோப் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு விழுந்தால் நீளமோ உயரமோ சரியில்லை. நண்பர் ஐந்தரை அடிதான். புதுக் கட்டையில் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அழகுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

'அப்படியே மாட்டலாம்' என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். பின்கட்டையை ஒரே ஒரு நீண்ட போல்ட் இழுத்துப் பிடிக்கிறது. மரம் இரும்போடு சுற்றிலும் சமமாகப் படியாவிட்டால் உதை முழுக்க ஒரு மூலையில் விழும், நாளடைவில் கழுத்து பிளக்கும். விளக்குக் கரியை இரும்பில் தடவி, மாட்டிக் கழற்றி, கறை படிந்த மேட்டை மட்டும் சுரண்டி எடுப்பது பழைய தச்சு வேலை. ஒரு சாயங்காலம் பிடிக்கும்.

குறி சிதறுகிறது என்பதற்காகப் பின்கட்டையை மாற்றுகிறவர்களும் உண்டு. அவர்கள் முன்கட்டையைப் பார்க்க வேண்டும். அது ஒரு திருகில் குழாயோடு தொங்குகிறது. குழாயை ஒருநாள் ஒரு மாதிரி அழுத்தினால் குண்டு ஒருநாள் ஒரு மாதிரி போகும். திருகு போகும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் வைப்பது இந்தத் துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் செய்யும் வைத்தியம். சில்லறைக் காசு.

நண்பருக்கு நான் சொன்னது: பழைய கட்டையில் நல்ல ரப்பர் பட்டையும், கன்னத்துக்கு வார் போட்டுக் கட்டும் மெத்தையும், குதிரைக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும் சிறு கொம்பும். அவர் ஒத்துக்கொண்டார். வரிவரிக் கட்டை இப்போது என் வீட்டு அலமாரிக்கு மேல் கிடக்கிறது. பழைய கட்டையின் போல்ட்டை எங்கே வைத்தார் என்றுதான் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.